உள்ளே தொடர், வெளியே பக்கம்

போர்ட் பிளேர் வானொலி நிலையம் 684 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் ஒலிபரப்புவது. 2024-இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய பிறகும், தீவில் பலர் பழைய பெயரைச் சொல்லித்தான் அந்த நிலையத்தை நினைவுகூர்கிறார்கள். ஆசியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. ஒரு நிலையம் தன் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், அதில் ஏறும் ஒலி ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸோடு முடிந்துவிட வேண்டும். மனிதர் பேசுவதைத் தெளிவாகக் கேட்க அது போதும். வயலினின் மெல்லிய உராய்வும் ஜால்ராவின் சிலிர்ப்பும் அதற்கு மேலே இருப்பதால் அவை வருவதில்லை. அந்தக் கால ரேடியோப் பெட்டிகள் ஒரே ஒரு காகிதக் கூம்பை வைத்துக்கொண்டு நிறைவாகப் பாடியதற்கு இதுவே காரணம். அந்தக் கூம்பிடம் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பண்பலை 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவந்தது. குறுந்தகடு 20,000 வரை. ஒற்றைக் கூம்பின் போதாமை அப்போதுதான் வீட்டுக்குள் தெரியத் தொடங்கியது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகலமான கூம்பு வேண்டும். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 20 சென்டிமீட்டர் கூம்பு அதை எழுப்பினால், ஒலி டார்ச் வெளிச்சம்போல நேர்கோட்டில் பாயும். நாற்காலியைச் சற்று நகர்த்தினாலே மங்கிவிடும். ஆகவே கனத்த ஒலிக்கு ஊஃபர், மெல்லிய ஒலிக்கு ட்வீட்டர், நடுவில் மனிதக் குரலுக்கு மிட்ரேஞ்ச் என்று வேலையைப் பிரித்தார்கள். 1930களின் நடுவில் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்தில் ஜான் ஹில்லியர்டும் அவருடைய சகாக்களும் திரையரங்குக்காக உருவாக்கிய பெரிய ஒலிபெருக்கி இந்தப் பிரிவினையை முறையாக நிலைநாட்டியது. ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சுற்றுக்கு நம் கடைகளில் வழங்கும் பெயர் கிராஸ்ஓவர். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. அதிலும் வீட்டில் ஸ்பீக்கர் கட்டுபவர்கள் பலரும் முயன்று பார்க்காத ஓர் இணைப்பைப் பற்றியது.

கிராஸ்ஓவருக்குள் இருப்பவை இரண்டே பொருள்கள்: காயிலும் கெப்பாசிட்டரும். அதிர்வெண் ஏற ஏறக் காயில் மின்னோட்டத்துக்கு வழிமறிக்கிறது, கெப்பாசிட்டர் வழிவிடுகிறது. இந்த எதிரெதிர்க் குணங்களைச் சேர்த்து வடிகட்டி செய்யலாம் என்பதை 1915-ஐ ஒட்டி அமெரிக்காவில் கேம்பெலும் ஜெர்மனியில் வாக்னரும் தனித்தனியே கண்டார்கள். தொலைபேசித் தொடர்புக்காகப் பிறந்த அந்தக் கணக்கு இன்று நம் வீட்டு மரப்பெட்டிக்குள் இருக்கிறது.

எளிய கிராஸ்ஓவர் ஒன்றை எண்களோடு பார்ப்போம். இரண்டு ஸ்பீக்கர்களும் 8 ஓம். பிரியும் இடம் 3,000 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் 8 ஓம் அளவுக்கு வழிமறிக்கும் காயில் 0.42 மில்லிஹென்ரி. அதே அளவுக்கு வழிமறிக்கும் கெப்பாசிட்டர் 6.6 மைக்ரோஃபாரட். கடைகளில் விற்கும் கிராஸ்ஓவர் பலகைகளில் இவை பக்க இணைப்பில் இருக்கும்: ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கிளை காயில் வழியாக ஊஃபருக்கு, மற்றொரு கிளை கெப்பாசிட்டர் வழியாக ட்வீட்டருக்கு. இரண்டு கிளைகளும் ஆம்ப்பின் முனைகளில் மட்டுமே சந்திக்கின்றன. ஒன்றின் குறை மற்றொன்றைத் தொடாது என்பது இதன் பெரிய வசதி.

தொடர் கிராஸ்ஓவரில் இதே இரண்டு பொருள்கள் இடம் மாறி நிற்கின்றன. ட்வீட்டரும் ஊஃபரும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கோட்டில். ட்வீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே காயில். ஊஃபரின் இரு முனைகளுக்கும் குறுக்கே கெப்பாசிட்டர். கனத்த ஒலியின் மின்னோட்டம் ட்வீட்டரைச் சுற்றிக்கொண்டு காயில் வழியாக இறங்கி ஊஃபருக்குப் போகிறது. மெல்லிய ஒலியின் மின்னோட்டம் ட்வீட்டரில் வேலையை முடித்துவிட்டு, ஊஃபரைச் சுற்றிக்கொண்டு கெப்பாசிட்டர் வழியாக வெளியேறுகிறது.

தொடர் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு ஒரு தயக்கம் வரும். போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு விளக்கு கட்டுகிறவரைக் கேட்டால் அவரும் சொல்வார்: சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். ட்வீட்டர் எரிந்தால் ஊஃபரும் ஊமையாகிவிடுமோ? ஆகாது. பல்புக்குச் சுற்றுவழி இல்லை. இங்கே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு சுற்றுவழி இருக்கிறது. ட்வீட்டரின் கம்பி அறுந்தாலும் கனத்த ஒலி காயில் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊஃபர் அறுந்தாலும் ட்வீட்டர் கெப்பாசிட்டர் வழியாகப் பாடும். தரம் கெடும், ஒலி நிற்காது.

தொடர் இணைப்பின் உண்மையான அழகு வேறோர் இடத்தில் இருக்கிறது. 1845-இல் கிர்காஃப் வகுத்த விதி, ஒரு சுற்றில் அடுத்தடுத்து நிற்கும் பொருள்களின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் மூலத்தின் மின்னழுத்தம் வரும் என்கிறது. ஆகவே தொடர் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்குக் கிடைப்பதையும் ஊஃபருக்குக் கிடைப்பதையும் கூட்டினால், எந்த அதிர்வெண்ணிலும், எந்த நொடியிலும், ஆம்ப் கொடுத்தது அப்படியே வரும். காயிலின் மதிப்பு தவறினாலும் வரும். கெப்பாசிட்டர் பழசானாலும் வரும். ஒன்றில் குறைந்தது மற்றொன்றில் ஏறிவிடுகிறது. இதை மீட்டர் வைத்துச் சோதிப்பவர் முதலில் குழம்பக்கூடும். 3,000 ஹெர்ட்ஸில் 1 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 0.707 வோல்ட் காட்டும், கூட்டினால் 1.41 வருகிறதே? இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றொன்று சுழியைக் கடக்கிறது. 90 பாகை வித்தியாசம். செங்கோண முக்கோணத்தின் இரு சிறு பக்கங்கள் 0.707 என்றால் கர்ணம் 1. கணக்கு சரியாக முடிகிறது.

பக்க இணைப்புக்கு இந்த உத்தரவாதம் இல்லை. அங்கே காயிலும் கெப்பாசிட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. கெப்பாசிட்டரின் மதிப்பு 20 விழுக்காடு இறங்கிவிட்டால், பிரியும் இடத்தில் மொத்தம் ஏறத்தாழ 1 டெசிபெல் பள்ளமாகும். சென்னையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதியது வாங்கிக்கொள்ளலாம். தீவில் இருப்பவருக்கும் ரிச்சி தெருவுக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். கப்பலில் இரண்டரை மூன்று நாள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை வெப்பம் மெல்ல உலர்த்துகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழையும் உப்புக் காற்றும் முனைகளை அரிக்கின்றன. பொருள் மாறத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, மாறினாலும் தாங்கும் சுற்றைத் தேர்ந்தெடுப்பது இங்கே புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கிர்காஃப் காப்பது மின்னழுத்தத்தின் கூட்டலை. காதுக்கு வரும் ஒலியின் கூட்டல் ஸ்பீக்கர்களின் குணத்தையும், பெட்டியில் அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதையும் பொறுத்தது.

இதுவரை ஸ்பீக்கரை வெறும் 8 ஓம் ரெசிஸ்டராகக் கருதினோம். ஸ்பீக்கர் அப்படி இருப்பதில்லை. அதற்கு இயல்பாக அதிரும் ஓர் இடம் உண்டு. அங்கே அதன் மின்மறுப்பு மலைபோல ஏறும். ஒரு ட்வீட்டர் 1,000 ஹெர்ட்ஸில் அப்படி அதிர்கிறது, அங்கே அதன் மின்மறுப்பு 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகக் கணக்குப்படி 3,000 ஹெர்ட்ஸில் பிரிந்த ட்வீட்டருக்கு 1,000 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் குறைவாகப் போக வேண்டும். பக்க இணைப்பில் என்ன நடக்கிறது? கெப்பாசிட்டர் அங்கே 24 ஓம் மறிக்கிறது. ட்வீட்டர் 8 ஓமாக இருந்திருந்தால் அதற்குச் சின்னப் பங்குதான் கிடைத்திருக்கும்; 20 ஓமாக ஏறிவிட்டதால் பெரிய பங்கைப் பறித்துக்கொள்கிறது. 10 டெசிபெல் குறைய வேண்டியது 4 டெசிபெல்கூடக் குறைவதில்லை. எந்த இடத்தில் ட்வீட்டரை அடக்கி வைக்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் பிடி தளர்கிறது.

தொடர் இணைப்பில் அதே ட்வீட்டருக்குக் குறுக்கே காயில் நிற்கிறது. 1,000 ஹெர்ட்ஸில் அதன் மறிப்பு 2.7 ஓம் மட்டுமே. ட்வீட்டர் 20 ஓமுக்கு ஏறட்டும், 40-க்கு ஏறட்டும், பக்கத்தில் 2.7 ஓம் வழி திறந்திருக்கும்போது அதன் ஏற்றம் எதையும் மாற்றுவதில்லை. முழுக் கணக்கையும் போட்டால் 9 டெசிபெல் குறைகிறது. புத்தகம் சொன்ன 10-க்குப் பக்கத்தில். ஒரே காயில், ஒரே கெப்பாசிட்டர். இடத்தை மாற்றி வைத்ததற்கே 5 டெசிபெல் பாதுகாப்பு. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கணக்கு இதுதான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் தொடரில் போட்டுவிடலாமே? முடியாது. தொடரின் பலவீனம் காயிலின் செம்பில் இருக்கிறது. காயில் என்பது சுற்றிய கம்பி. கம்பிக்குத் தன் மின்தடை உண்டு, 0.4 ஓம் என்று கொள்வோம். கனத்த ஒலியின் மின்னோட்டம் முழுவதும் ட்வீட்டருக்குக் குறுக்கே நிற்கும் இந்தக் காயில் வழியாகத்தான் ஊஃபருக்குப் போகிறது. ஊஃபர் 20 வாட் வாங்கும்போது அந்த மின்னோட்டம் 1.6 ஆம்பியர். 0.4 ஓமில் அது 0.6 வோல்ட்டுக்கு மேல் விட்டுச் செல்கிறது. அந்த மின்னழுத்தம் நேராக ட்வீட்டரின் முனைகளில் விழுகிறது. தவில் முழங்கும்போது ட்வீட்டரின் மெல்லிய சவ்வு தனக்குச் சம்பந்தமில்லாத ஆட்டத்தை ஆடுகிறது. எவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணுக்குப் போனாலும் இந்தக் கசிவு 26 டெசிபெல்லுக்குக் கீழே இறங்காது. பக்க இணைப்பில் கெப்பாசிட்டர் கனத்த ஒலியை அடைத்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஒன்றின் நோய்க்கு மருந்து மற்றொன்றிடம் இருக்கிறது. மூன்று ஸ்பீக்கர் பெட்டியில் இதைப் பயன்படுத்தலாம். வெளியே, ஊஃபரையும் மற்ற இரண்டையும் பிரிக்குமிடத்தில், பக்க இணைப்பு; உள்ளே, மிட்ரேஞ்சையும் ட்வீட்டரையும் பிரிக்குமிடத்தில், தொடர் இணைப்பு. பலத்த மின்னோட்டம் முழுவதும் வெளிக்கிளையிலேயே ஊஃபருக்குப் போய்விடுகிறது. உள்ளே நுழைய முயல்வதை வெளிக் கெப்பாசிட்டர் தடுக்கிறது. வெளிப் பிரிவு 400 ஹெர்ட்ஸில் இருந்தால், 50 ஹெர்ட்ஸில் உள்ளே போவது 18 டெசிபெல் குறைந்துவிடும். அதோடு பழைய 26-ஐச் சேர்த்தால் ட்வீட்டருக்கு எட்டும் கசிவு 44 டெசிபெல் கீழே. தொடர் இணைப்பின் குறை மறைந்து, ட்வீட்டரை இறுக்கிப் பிடிக்கும் அதன் நல்ல குணம் மட்டும் நிற்கிறது.

இப்படி ஒன்றுக்குள் ஒன்றை வைக்கலாம் என்பதற்கு என்ன உரிமை? வெளிச் சுற்றின் கணக்கு 8 ஓம் பளுவை நம்பிப் போடப்பட்டது. அந்த இடத்தில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர் அடங்கிய ஒரு கூட்டத்தை நிறுத்தினால் கணக்கு குலையாதா? குலையாது, ஒரு நிபந்தனையோடு. காயிலின் மதிப்பைக் கெப்பாசிட்டரின் மதிப்பால் வகுத்தால் ஸ்பீக்கரின் ஓமின் வர்க்கம் வர வேண்டும். நம் எண்களில் வகுத்துப் பாருங்கள்: 64 வருகிறது, எட்டின் வர்க்கம். இந்தப் பொருத்தம் இருந்தால், ட்வீட்டர் பக்கத்தின் மின்மறுப்பு ஏறும் அளவுக்கு மிட்ரேஞ்ச் பக்கம் இறங்குகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது எந்த அதிர்வெண்ணிலும் வெறும் 8 ஓம் ரெசிஸ்டர்தான் தெரியும். ஒரு குடும்பமே உள்ளே இருந்தாலும் வெளிச் சுற்றுக்கு அது ஓர் ஆள். வெளிச் சுற்றும் இதே பொருத்தத்தில் இருந்தால், ஆம்ப்புக்கு மொத்தப் பெட்டியும் 8 ஓமாகவே தெரியும்.

வெளிச் சுற்றின் மதிப்புகள் 400 ஹெர்ட்ஸுக்கு: ஊஃபரோடு வரிசையில் 3.2 மில்லிஹென்ரி காயில், உள் கூட்டத்துக்கு முன்னால் 49.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கடைசி எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். 47-ஐயும் 2.7-ஐயும் பக்கத்தில் சேர்த்தால் மிகச் சரியாக வந்துவிடும். 47-க்கு முனைப்பற்ற எலக்ட்ரோலிட்டிக், 2.7-க்குப் பாலிப்ரொப்பிலீன் போடலாம். கை தாராளமாக இருந்தால் முழுவதும் பாலிப்ரொப்பிலீன். உள்ளே இரண்டு 3.3-ஐச் சேர்த்து 6.6, அங்கே கண்டிப்பாகப் பாலிப்ரொப்பிலீன். காயிலுக்கு 0.47 வாங்கிச் சுற்றுகளைக் கழற்றிக் குறைத்துக்கொள்வது எளிது. காற்றுச் சுருளாக இருக்கட்டும். இரும்பு உள்ளகம் சத்தம் கூடும்போது நிறைந்து நெளியும். இரண்டு காயில்களையும் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் நுழையும்.

ஸ்பீக்கரை ரெசிஸ்டர்போல நடக்கவைக்க இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஊஃபரின் குரல்சுருள் அதிர்வெண் கூடக்கூடத் தானும் காயிலாகிவிடுகிறது. பெல் ஆய்வகத்தின் ஓட்டோ ஸோபெல் பெயரால் வழங்கும் சிறு இணைப்பு அதைச் சமன் செய்கிறது: ஊஃபருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வரிசையில். குரல்சுருளின் மின்தடை 6 ஓம், அதன் தூண்டல் 0.5 மில்லிஹென்ரி என்றால் 6 ஓமும் 14 மைக்ரோஃபாரட்டும் போதும். அப்போது அந்த ஊஃபர் 6 ஓம் ரெசிஸ்டராக நிற்கும். அதன் காயிலை 6 ஓமுக்குக் கணக்கிட வேண்டும். ட்வீட்டர்கள் பெரும்பாலும் மற்றவற்றைவிடச் சத்தமானவை. 3 டெசிபெல் குறைக்க, ட்வீட்டருக்கு முன்னால் 2.3 ஓம், அதன் குறுக்கே 19.4 ஓம் வைத்தால் மொத்தம் 8 ஓமாகவே நிற்கும். இந்த ரெசிஸ்டர்கள் ட்வீட்டரோடு ஒட்டியே இருக்க வேண்டும். உள் காயில் இந்த மொத்தத் தொகுப்புக்கும் குறுக்கே வர வேண்டும். வரிசை மாறினால் பொருத்தம் போய்விடும்.

பெட்டிக்கு வருவோம். 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையின் பெயரோடு சேர்ந்தே சிவந்த அந்தமான் படாக் மரமும் நினைவுக்கு வரும். அதன் வண்ணத்தைப் பார்ப்பவருக்கு முழுப் பெட்டியையும் அதிலேயே செய்ய ஆசை பிறக்கும். காட்டு மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 2002-இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது நியாயமானது. அந்தக் காடுகள் நம் பெட்டிகளைவிட மதிப்பானவை. பெட்டிக்கும் அது நல்லதே. திடமரம் ஈரத்தில் விரிந்து, வெயிலில் சுருங்கி, இணைப்புகளைப் பிளக்கும், ஐ.எஸ். 710 தரக் கடல்சார் பிளைவுட் அசையாமல் நிற்கும். எம்.டி.எஃப் பலகை ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தீவுக்கு அது வேண்டாம். ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பின் விளிம்பு ரப்பரா என்று பாருங்கள். பாலியூரித்தேன் நுரை விளிம்பு ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். இணைப்புகளில் செருகு முனைகளைத் தவிர்த்துச் சால்டர் செய்துவிட்டால், உப்புக்கு நுழைய இடம் குறைகிறது.

இனிச் சோதனை. போனில் ஒரு செயலி 400 ஹெர்ட்ஸ் ஒலியைத் தரும். ஆம்ப்பின் முனையில் 2 வோல்ட் வரும்வரை ஒலியைக் கூட்டுங்கள். மல்டிமீட்டர் ஏசியில் இருக்கட்டும். ஊஃபரின் முனைகளிலும், உள் கூட்டத்தின் முனைகளிலும் 1.41 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 3,000 ஹெர்ட்ஸுக்கு வந்தால் ஓர் எச்சரிக்கை: விலை குறைந்த மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லத் தொடங்கும். ஆனால் அந்தப் பொய் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஆகவே எண்ணை நம்பாமல், மிட்ரேஞ்சிலும் ட்வீட்டர் தொகுப்பிலும் ஒரே அளவு காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ட்வீட்டர் பக்கம் கூடுதலாக இருந்தால் உள் காயிலிலிருந்து இரண்டு மூன்று சுற்றுகளைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். சமமாகும்வரை இப்படியே. சமமானதும் கம்பியை வெட்டி, எனாமலைச் சுரண்டிச் சால்டர் செய்து, சுருள் முழுவதும் வார்னிஷ் பூசிவிடலாம்.